ஒரு புளியங்கொட்டை கூடுதல்

2023 ஜூன் 6, செவ்வாய்

கவுன்சிலர் தங்கதுரைக்குப் பயந்து, வீட்டை ஒட்டிய என் சந்து நிலத்தை நான் காலனிக்கு விட்டுக்கொடுத்துவிட்டேனாம். தவறு. வார்டுப் பெண்கள் கூடிக் கேட்டால் தருகிறேன் என்றுதான் சொன்னேன். கேட்கமாட்டார்கள் என்ற தைரியம். அவரோ, வரும் ஞாயிறு கூட்டமே போட்டுவிட்டார். சாக்கடை முதலிலா, என் சந்து வழியாகப் பாதை முதலிலா. ஓட்டுப் போட ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, இரண்டு பானை.

எங்கள் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கியவர். கூலி உயர்வு கேட்டு எங்கள் வாசலிலேயே செங்கொடி நட்டவர். இரண்டு தேர்தல் தோற்று மூன்றாவதில் ஜெயித்தவர். அவ்வளவு பொறுமைக்காரரை எப்படி நம்புவது?

ஜூன் 11, ஞாயிறு

போனேன். ஆண்கள் நின்ற இடத்தில் எழுந்து நடப்பது எனக்கு வழக்கமில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பானைக்குப் போன பெண்களை எண்ணினேன். எழுபத்து நான்கு பேர்.

பாதைக்கு முப்பத்தெட்டு. சாக்கடைக்கு முப்பத்தேழு. கூட்டினால் எழுபத்தைந்து!

சொல்லிவிட்டேன். "தங்கதுரை, ஒரு கொட்டை கூடுதல். இது மோசடி."

காலனியின் சாலம்மாள் குதித்தாள். "இன்னா ஆயா, வெல்ல மூட்டைய எண்ணுற மாதிரி எங்கள எண்ணிக்கினு இருந்தீங்களா?"

அவர் அவளை அடக்கினார். நான் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி, உரக்கப் படித்தார். 'மோசடி' என்ற சொல்லையும் விடவில்லை. முடிவை நிறுத்திவைத்தார். நடிப்பு?

ஜூன் 13

கூட்ட நோட்டைக் கேட்டனுப்பினேன். வந்தது. என் சொல்லில் ஒன்றுகூட மாறவில்லை. இதிலும் ஏதோ கணக்கு இருக்கும்.

ஜூன் 16, வெள்ளி

சாலம்மாள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "நகராட்சி தொணத்தலைவர் பதவிக்கு அவரு பேரு இருந்துச்சி. கொட்ட திருடனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு மனு போட்டுக்கினு கீறாங்க. சந்தோசமா ஆயா?"

சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். தட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன்.

மருமகள் அத்தியா தட்டை எடுக்க வந்தவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"மாமி, நான் பானைக்கு ரெண்டு தபா போனேன்."

"ஏன்?"

"ஒண்ணு என்னுது. ஒண்ணு ஒங்களுது. நீங்கதான சாக்கடையில போடுன்னு குடுத்தனுப்பினீங்க?"

யா அல்லாஹ். அவளை ஒருமுறைதான் எண்ணினேன். என்னை எண்ணவேயில்லை.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சபையில ஒங்கள பொய்யாக்கவா மாமி?"

ஆக, என்னையும் மீறித்தான் பாதை ஜெயித்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் சந்து எனக்கு. அந்த ஆள் திருடனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் — முப்பது வருஷமாக அதைத்தானே வேண்டினேன்? இவள் சொல்லமாட்டாள். யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும்.

ஜூன் 17, சனி

அத்தியாவிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

'கவுன்சிலர் திரு. தங்கதுரை அவர்களுக்கு. 11ஆம் தேதி நான் கூறிய குற்றச்சாட்டு தவறு. கூடுதல் என்று நான் சொன்ன கொட்டை என்னுடையது. சாக்கடைப் பானையில் விழுந்தது. பாதைக்கு முப்பத்தெட்டு என்பது சரி. இதையும் அதே நோட்டில் எழுதி, அதே சபையில் உரக்கப் படிக்கவும். நானும் வருவேன். சந்தின் கேட் திங்கட்கிழமை கழற்றப்படும். என் பெயரில் பலகையோ, போட்டோவோ கூடாது. உங்கள் பெயரிலும் கூடாது. உங்கள் மீது எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆகவே, இதற்கு எழுத்து மூலம் பதில் தரவும். ஷாஜாதி பேகம்.'