எட்டுப் பேருக்குப் பெரிய பானை

ஜனவரி 14

மழை. தகரக் கூரைச் சத்தத்தில் பாதிப் பாடம் போயிற்று. முடிவில், "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது மேடம்!" — ஐந்தாம் வகுப்பின் எண்பத்தேழு தொண்டையும் ஒன்றாக. மழையே தோற்றது. பிறகு நோட்டுகளைத் திருத்தினேன். பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் பத்தொன்பது பேர். மற்றவர்கள் எதைப் புரிந்துகொண்டு கத்தினார்கள்?

நானும் இப்படிக் கத்தியே மேலே வந்தவள்தான். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பின்னம் மட்டும் கல்லூரியில்தான் விளங்கியது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 20 அன்று சலிமா நகரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். அவர் எழுதினால்தான் என் வேலை நிரந்தரம். பக்கத்து வகுப்பு சிங்வாலு சார் சொல்கிறார்: "தங்கச்சி, புள்ளைங்க போடற சத்தத்துல அந்தம்மா காதைப் பொத்தணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

ஜனவரி 16

புதிதாக ஒன்று. பலகையில் மூன்று விடைகள் எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு, சரியென்று தோன்றும் விடையின் எண்ணை நெஞ்சோடு விரல் வைத்துக் காட்ட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. நானும் மழையோடு போட்டிபோட்டுக் கத்த வேண்டியதில்லை, நிம்மதி. ஒற்றைக் கண்ணைத் திறந்து திருட்டுப் பார்வை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர்.

ஜனவரி 17

சிங்வாலு சார்: "என்ன தங்கச்சி, உன் வகுப்புல எழவு விழுந்த மாதிரி இருக்கு? யாரு போனது?"

ஜனவரி 28

மூன்றில் ஒரு பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா? ஐம்பது பேருக்கு மேல் எட்டில் ஒன்றுக்கே விரல் காட்டினார்கள். எட்டு பெரிய எண், அதனால் ஏமாறுகிறார்கள் என்று நினைத்தேன். உடனே விளக்க ஆரம்பிக்காமல், கடைசி வரிசையில் வாயே திறக்காத தலாண்டிராவிடம் ஏன் என்று கேட்டேன்.

"எட்டு பேர் சாப்பிட வந்தா அம்மா பெரிய பானைல களி கிண்டுவாங்க மேடம்."

வகுப்பே தலையாட்டியது. சரிதானே? விருந்தாளி வந்த பிறகு எந்த வீட்டில் அதே சின்னப் பானையை வைப்பார்கள்? இரண்டு வாரமாக நான் பலகையில் வட்டம் வரைந்து அதைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் மனத்தில் வட்டம் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது!

"மாவு தீந்துபோச்சு. பானை அதேதான். இப்போ?"

"அய்யோ!" என்றார்கள். சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 19

நாளை ஒருநாள் மட்டும் பழையபடி கத்த விட்டுவிடலாமா? யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 20

ஆய்வாளர் திருமதி ஞிரேண்டா பின்னால் உட்கார்ந்தார். திட்டப்படி இன்று தசமம். அதற்கு முன் பின்னத்தில் ஒரே ஒரு கேள்வி. பலகையில் எழுதினேன். கண்கள் மூடின, விரல்கள் எழுந்தன — முப்பது பேருக்கு மேல் தப்பு. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். எழுதினார். போச்சு!

கேட்காமலே தசமத்துக்குப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துவிட்டது, எப்படிப் போவது? வேறு வேறு விரல் காட்டியவர்களை ஜோடி சேர்த்து, "ஏன்னு சண்டை போடுங்க" என்றேன். போட்டார்கள், நன்றாகவே. மறுபடி கேட்டபோது ஒன்பது பேர்தான் தப்பு.

"இன்னிக்கு தசமம்னு போட்டிருக்கே, மிஸ் கம்வேண்டோ?" என்றார் ஆய்வாளர்.

"ஆமா மேடம். ஆனா இவங்க இன்னும் அங்க வந்து சேரல."

நானா சொன்னேன்?

மார்ச் 5

கடிதம் வந்தது. பணி நிரந்தரம். கீழே ஒரு வரி: பாடத்திட்டத்தில் பின்தங்கல். உண்மைதான்.

இன்றுதான் தசமம் தொடங்கினேன். பாதியில் தலாண்டிரா எழுந்து நின்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"மேடம், கொஞ்சம் நில்லுங்க. எனக்கு இன்னும் வரல."

நின்றேன்.