நம் வீட்டின் ஆர்.சி. புக்

இன்று சட்டிகளுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய ஹீட்டர் அடுப்பு கையில் அகப்பட்டது. மண் தட்டும் சுருள் கம்பியுமாக அப்படியே இருக்கிறது. பால் பொங்கித் தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை. முகர்ந்ததும் சிரிப்பும் வந்தது, உங்கள் மேல் கோபமும் வந்தது. கட்டிய பெண்டாட்டிக்கு இத்தனை அதிர்ச்சியா கொடுப்பார் ஒரு மனுஷன்!

நீங்கள் ரிட்டயர் ஆனதும் நெய்வேலி கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவனவன் வடலூரில், குறிஞ்சிப்பாடியில் மனை வாங்கிப் போட்டுவிட்டான். நமக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு லூர்து அக்காவை நினைத்து எனக்குத் தூக்கமே போயிருந்தது. அவள் புருஷன் தவறிப்போன பிறகு, அவர் பேரில் இருந்த குவார்ட்டர்ஸும் போனது. லாரியில் சாமான் ஏறும்போது, "நான் எங்கடி போவேன்?" என்று கேட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

"மனை பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போன நீங்கள், சாயங்காலம் ஒரு பஸ்ஸோடு வந்து வாசலில் நின்றீர்கள். நிலக்கரி மைன்ஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு நீங்களே இத்தனை வருஷம் ஓட்டிய ஷிப்ட் பஸ். கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்திருந்தீர்கள்.

"இன்னாங்க இது?"

"வூடு."

"எது வூடு?"

"இதான். ஏறிப் பாரு செலினு."

மாதாவே! படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. ஆனால் நீங்கள் சீட்டையெல்லாம் கழற்றிக் கட்டில் அடித்தபோது, மூலையில் சமையல் மேடை வைத்தபோது, பாழும் மனசு கேட்கவில்லை. "பிளக் இங்க வேணாம், கைக்கு எட்டாது, அங்க வையுங்க" என்று நானே விரல் நீட்டினேன்.

பஸ் என்று இருந்ததை வீட்டு வண்டி என்று மாற்றிப் பதிய, அதைக் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். ஏதோ பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல நான் உள்ளே பெருக்கி, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறியதுமே சத்தம் போட்டார்.

"பெரியவரே, முதல்ல பர்மிஷன், அப்பறந்தான் வேலை. நீங்க எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்து காட்டுறீங்க."

பிறகு மேடையைப் பார்த்தார். "இது?"

"ஹீட்டர் சார். சமையலுக்கு."

"சரி, கரண்டு?"

"பிளக் இருக்கு பாருங்க சார்."

"பிளக் இருக்குங்க. பிளக்குக்குக் கரண்டு எங்கேருந்து வரும்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். கம்பெனியே கரண்ட் எடுக்கிற ஊரில், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஹீட்டர் கனன்ற வீட்டில் குடித்தனம் செய்தவர்கள் நாம். சுவரில் ஓட்டை போட்டால் கரண்ட் வரும் என்றே இருந்துவிட்டோம்.

"நெய்வேலிக்காரங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தாரே தவிர, விடவில்லை. பர்மிஷன் எழுதி வாங்குங்கள், கேஸ் அடுப்பு வையுங்கள், தீயணைக்கும் சிலிண்டர் மாட்டுங்கள், பின்பக்கம் அவசர வழி வையுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் வடலூர் தாண்டும்போது, "கரண்டு எங்கன்னு நீயாச்சும் கேட்டிருக்கலாம்" என்றீர்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

எல்லாம் சரி செய்து மறுபடி போனபோது கிளார்க் கேட்டார், "யார் பேர்ல பதியணும்?"

"செலின்" என்றீர்கள்.

"ஏங்க, என் பேருலயா? எனக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடத் தெரியாதே!"

"ஓட்டுறதுக்கா சொன்னேன்? லூர்து அக்கா சாமான் ஏறுனப்ப நீ கதவைப் புடிச்சிக்கினு நின்னியே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். உன்ன யாரும் எறங்கச் சொல்லக் கூடாது."

அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். வீடு, ரேஷன் கார்டு, பேங்க் எல்லாம் உங்கள் பேரில்தான் இருந்தது. என் பேரில் ஒரு குடம்கூட இருந்ததில்லை.

ஆர்.சி. புக் வந்தது. மாதா படத்துக்கு அடியில் வைத்தோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. பஸ்ஸைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "காப்பி போடு" என்றீர்கள். கொண்டு வந்து கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன், மூச்சில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் செய்கிற பழக்கத்தைக் கடைசிவரை நீங்கள் விடவேயில்லை.

காலி செய்த அன்று தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருத்தி மெல்லக் கேட்டாள், "லாரி எப்ப வருது செலினு?"

"லாரி வராது. நான் என் வூட்டுல ஏறிக்கினு போறேன்" என்றேன்.

உங்களோடு பஸ் ஓட்டிய சிநேகிதர்தான் வண்டியை எடுத்தார். இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்தில் என் தம்பியின் காலி மனையில் நிற்கிறது. இங்கே அடிக்கடி கரண்ட் போகும், எனக்குக் கவலையில்லை, கேஸ் இருக்கிறது. ஹீட்டரைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்தப் பிளக்கையும் யாரையும் பிடுங்க விடவில்லை.

வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கப் போகும்போதெல்லாம் புதிதாக ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் இருப்பார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஓனர் எங்கம்மா?" என்பார். ஒவ்வொரு தடவையும் நானும் திரும்பி உங்களைத் தேடுகிறேன். அப்புறந்தான் சொல்கிறேன்: "நான்தாங்க."