விபூதிக்கு அடியில் இரண்டாவது வரி

மச்சான், இன்றைக்குக் காலையில் கடையில் என் மானம் போயிற்று. நீ இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு வைத்துச் சிரித்திருப்பாய்.

விடியற்காலையில் கரன்ட் போய், இன்வெர்ட்டரும் கைவிரித்து, உன் கம்ப்யூட்டர் பெட்டி அணைந்து கிடந்தது. கரன்ட் வந்ததும் அதை எழுப்ப உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டே, வழக்கம்போல வாய்விட்டு, "வாடி கண்ணு, எழுந்திரு, மானத்த வாங்காத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா.

"யார சொல்றீங்க?"

"மெஷினைங்க."

"மெஷினையா?" அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "சந்தனப் பொட்டெல்லாம் வேற வச்சிருக்கீங்க."

ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு, சில்லறைகூட எண்ணாமல் இறங்கிப் போய்விட்டார். என் மகளிடம் சொன்னால், "நாட்டுலயே பிளஸ் டூ ஃபெயிலான ஒரே சர்வர் ஆபீசர் நீதாம்ப்பா" என்பாள். அந்தப் பட்டத்தை அவள் கொடுத்து வெகுநாளாகிறது.

அந்த அம்மா படியிறங்கும்போதே போன் அடித்தது. யார், என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டி கொஞ்சம் சூடானதும் அந்த வாசனை வந்தது. காய்ந்துபோன சந்தனம். போன வருஷம் ஆயுத பூஜைக்கு நான் தடவியது. உள்ளே சூடேறும்போதெல்லாம் அது இன்னும் மணக்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் ஆயுத பூஜை. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுத வேறு நல்ல தாள் எடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்தப் பெட்டியைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் நீ கண்டுபிடித்த அன்றைக்கு நானும் கூட இருந்தேன். ஒரு பக்கம் புறாக் கூண்டு, இன்னொரு பக்கம் பழைய தண்ணீர் மோட்டார், நடுவில் இது. ஏதோ ஆபீசில் ஓய்ந்துபோய் வெளியே தள்ளிய சாமான். நீ குந்தி உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். நீ கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த தோல் கம்பெனியை மூடி அப்போது ஆறு மாதம். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், தினமும் தாம்பரத்துக்கு வந்து என் கடை ஸ்டூலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"கடையில வைக்கலாமா மச்சான்? உன்கிட்ட நெட்டு இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு."

"எதுக்குடா இது?"

"ரத்தம் குடுக்கிறவங்க லிஸ்ட். நம்ம ஏரியாவுக்கு மட்டும். போன்ல திறந்தா யாரு எந்த ரத்தம், யாரு பக்கத்துல இருக்காங்கன்னு தெரியணும்."

இன்டர்நெட்டில் எங்கோ வாடகைக்கு இடம் பிடித்து லிஸ்டை அதில் போட்டுவிடலாமே என்று என் மகள் சொன்னதற்கு, நீ ஒத்துக்கொள்ளவில்லை. "நம்பி நம்பர் குடுத்திருக்காங்கம்மா. அது என் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றாய்.

அன்றைக்கு நீ அதில் ஏற்றியது, நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரியானது இல்லை. படம் இல்லை, ஜன்னல் இல்லை, கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு விட்டுவிட்டு மின்னியது. நான் கெட்டுப்போச்சு என்றேன். "இது உட்கார்ந்து சாப்பிடறவனுக்குப் பண்ணது இல்ல, பந்தி பரிமாறுறவனுக்குப் பண்ணது" என்று நீ விளக்கம் சொன்னாய். மற்ற மெஷின்கள் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலையாம். அதன்மேல் வெப் சர்வர் என்ற ஒன்றை நிறுவினாய். அதுதான் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பக்கத்தைக் காட்டுகிற ஆள். மூன்று நாள் மல்லாடினாய். நாலாவது நாள் என் போனில் முகவரியைப் போட்டுப் பார்த்தபோது வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. இங்கிலீஷில். வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான் மச்சான். இதுக்கே ரெண்டு சமோசா சொல்லலாம்."

சமோசா வந்த பிறகு நீ ஒரு தாளில் இரண்டு வரி எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினாய். பெட்டி அணைந்து எழுந்தால், முதல் வரியைத் தட்டணும். உள்ளே எதுவும் கெட்டுப்போகவில்லையே என்று அது பார்த்துச் சொல்லும். இரண்டாவது வரியைத் தட்டினால்தான் வெப் சர்வர் கதவைத் திறக்கும். தானாகத் திறக்கிற மாதிரி வைக்கலாமே என்று கேட்டேன். "விழுந்து எழுந்தவன யாராவது ஒருத்தர் கண்ணால பாக்கணும், அப்புறம்தான் வேலைக்கு அனுப்பணும்" என்றாய். கடைசியில், போனில் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான் எனக்கு நீ கொடுத்த வேலை. பிளஸ் டூவில் நான் கோட்டை விட்ட கணக்கைவிட இது சுலபம்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு, உன் மகளுக்கு லீவு சேர்ந்து வருகிறதென்று நாகர்கோவிலுக்கு அவள் வீட்டுக்குப் போனாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. "பொட்டு வை, பூ வை, என்ன வேணா வை. நிறுத்தாத. எங்க சர்ச் ஞாயித்துக்கிழமைக்கே அதுக்கு லீவு கிடையாது."

நான் நிறுத்தினேன்.

ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தியாயிற்று. லேமினேஷன் மெஷின், பேப்பர் வெட்டுகிற கத்தி எல்லாம் துடைத்துச் சாமி முன்னால் வைத்தாயிற்று. எல்லாம் ஓய்வெடுக்க, இது ஒன்று மட்டும் 'ர்ர்'ரென்று ஓடிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன். நீ காட்டிக்கொடுத்தபடி முறையாகத்தான் நிறுத்தினேன், அதில் குறை வைக்கவில்லை. அப்புறம் சந்தனம் தடவி, விபூதியைக் குழைத்து நெற்றியில் மூன்று பட்டை இழுத்தேன். அதற்கு நெற்றி என்றால் நீ ஒட்டிய தாள்தான். நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

பூஜை முடிந்து ஆன் பண்ணினேன். காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு வந்தது. முதல் வரி தெரிந்தது, தட்டினேன், நல்லபடியாக இருக்கிறேன் என்றது. இரண்டாவது வரி விபூதிக்கு அடியில். விரலால் துடைத்தால் தெரிந்திருக்கும். சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனசு வரவில்லை. வெளியே பூசணிக்காய் உடைக்க, "அண்ணா, வாங்கண்ணா, நல்ல நேரம் போவுது" என்று பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். பொரி, சுண்டல், வீடு, தூக்கம். மறுநாள் விஜயதசமி, கடை லீவு. அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

நீ ஊரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாய். பக்கம் திறக்கவில்லை என்று பார்த்தாய்.

"என்ன ஆச்சு மச்சான்?"

"கரன்ட் போச்சுடா. நான் வரும்போதே அணைஞ்சுதான் இருந்துச்சு."

எப்படி அவ்வளவு சரளமாக வந்ததோ. நீ திரையில் ஏதோ நீளமாகப் படித்தாய். பிறகு குனிந்து, தாளில் இருந்த விபூதியை மெல்ல ஊதினாய். இரண்டாவது வரி தெரிந்ததும் அதைப் பார்த்துத் தட்டினாய். உனக்கு அது மனப்பாடம். ஆனாலும் பார்த்துத் தட்டினாய். "சரி" என்றாய்.

நாலு நாள் கழித்து மணி வந்தான். அப்போது அவன் பெயர் நமக்குத் தெரியாது. பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறான், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பக்கத்தின் முகவரியும் கடை முகவரியும் போட்டு ஆஸ்பத்திரி வாசலில் நீ ஒட்டிவிட்டு வந்த சீட்டைக் கிழித்துக் கையில் வைத்திருந்தான். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இதுல கீற அட்ரஸ் இதானே? ரெண்டு நாளா அமுக்கி அமுக்கிப் பாத்துகினே இருந்தேண்ணா. தொறக்கவே இல்ல. எங்கக்காக்கு ஆபரேசன். பி நெகட்டிவ் வோணும்ன்ட்டாங்க."

"கிடைச்சுதாப்பா?" என்று நீ கேட்டாய்.

"கெடச்சுது. சாயங்காலமா எங்கிருந்தோ ஒருத்தரு வந்து குட்த்தாரு. அதுக்குள்ள லேட்டாயிட்ச்சி." சீட்டைக் கவுண்டரில் வைத்தான். "அவதான் என்னை வளத்தா. அதான், இன்னா ஆச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

உன் லிஸ்டில் அந்த ரத்தம் இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒருவர் பொழிச்சலூர்க்காரர், கூப்பிட்ட அரை மணியில் கிளம்புகிறவர். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரத்தம் முன்னாடியே வந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளா? தெரியாது. டாக்டருக்கே தெரியாதோ என்னவோ. அந்தத் 'தெரியாது'வைத்தான் ஒரு வருஷமாக நான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"கரன்ட்டு..." என்று ஆரம்பித்தேன்.

நீ என்னை முடிக்க விடவில்லை. அவன் தோளில் கை போட்டு, "வா தம்பி, டீ சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று எதிர்க் கடைக்குக் கூட்டிப்போனாய். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ பேசினாய், அவன் கேட்டுக்கொண்டு நின்றான். திடீரென்று உன் சட்டையைப் பிடித்தான். டீ உன்மேல் கொட்டியது. நான் ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருத்தருக்கு இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். இதைவிட வெட்கங்கெட்ட சாக்கு இருந்தால் சொல்.

நீ திரும்பி வந்தபோது கழுத்து சிவந்திருந்தது.

"என்னடா சொன்னான்?"

"ஒண்ணுமில்ல. கோவம் இருக்கும்ல. துணி இருந்தா குடு."

அன்றைக்கு நீ புதுத் தாளில் அந்த இரண்டு வரியை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினாய். இனிமேலாவது தானாகத் திறக்கிற மாதிரி வைத்துவிடேன் என்றேன். "வேணாம். உன் கையிலயே இருக்கட்டும்" என்றாய். அது நம்பிக்கையா, தண்டனையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்புறம் வெயில் காலத்தில் ஒரு மத்தியானம், லாக் படிக்கக் கற்றுத்தருகிறேன் என்று என்னை உட்காரவைத்தாய். பெட்டி தனக்கு நடந்ததையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்கிற குறிப்பு அது. நீ என் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சொன்னாய்: "கரன்ட் போச்சுன்னா பாதி வரியில அப்படியே நிக்கும் மச்சான். ஆளு நிறுத்தினா, நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தறேன்னு எழுதிட்டுத்தான் நிக்கும். மணி, நிமிஷம் எல்லாம் இருக்கும்."

அப்படியென்றால், ஊரிலிருந்து வந்த அன்றைக்கே உனக்குத் தெரியும். நான் சொல்வேன் என்று அந்த மத்தியானம் பூரா நீ காத்திருந்தாய் என்று நினைக்கிறேன். நான், "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லு" என்றாய்.

ஆடி மாதம், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவர் இறங்கவில்லையே என்று கண்டக்டர் தொட்டுப் பார்த்தாராம்.

கல்லறைத் தோட்டத்துக்கு மணி வந்திருந்தான். ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு, எல்லாரும் மண் போட்ட பிறகு கடைசியில் வந்து ஒரு பிடி போட்டான். என் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசினான்.

"அன்னிக்கி டீக்கடையில இவரே சொன்னாருண்ணா. 'நான்தான் நிறுத்திட்டேன், திரும்ப எழுப்பாம ஊருக்குப் போயிட்டேன், தப்பு என்னுது'ன்னு. எனக்கு வந்த கோவத்துல சூடு டீயை மேல ஊத்திட்டேன். ஒரு வார்த்த பேசல மன்சன். வந்து மன்னிப்பு கேக்கணும்னே இருந்தேன். அதுக்குள்ள பூட்டாரு." கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "எம்மேல கோவமா இருந்தாரா?"

"இல்லப்பா" என்றேன். அதுதான் அந்த ஒரு வருஷத்தில் நான் அவனிடம் சொன்ன ஒரே உண்மை.

நீ எனக்காக அந்தப் பழியை எடுத்துக்கொண்டதை உன்னைப் புதைத்த இடத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். உன்னைக் கேட்கவும் முடியாது, திட்டவும் முடியாது. ஏன்டா அப்படிச் செய்தாய்? நான் கடை நடத்துகிறவன், அந்த இடத்தில் முகம் காட்ட வேண்டியவன் என்றா? இல்லை, என்னால் தாங்க முடியாது என்று கணித்துவிட்டாயா?

மணியின் பெயரும் இப்போது லிஸ்டில் இருக்கிறது. ஒரு தடவை ரத்தமும் கொடுத்துவிட்டான். தினமும் காலையில் முதல் லோடு ஏற்றுவதற்கு முன்னால் போனில் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். திறக்காவிட்டால் என்னைக் கூப்பிடுகிறான்.

காலையில் வந்த போன் அதுதான்.

"இன்னாண்ணா, தொறக்கல?"

"கரன்ட் போச்சுப்பா. இப்பதான் எழுப்பினேன். பாரு."

இந்த முறை அது சத்தியம். ஆனாலும் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. நாக்கு கசந்தது.

"ஆங், வந்துட்ச்சி" என்றான். "அண்ணா, ஆய்த பூஜை வருது. அவரு பண்ண மாரி நீங்களும் நிறுத்திட்டுப் பூடாதீங்க. பாவம், நல்ல மன்சன்தான். ஒரே ஒரு தபா தப்பு பண்ட்டாரு."

திரையில் வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. பெட்டி சூடாகி, சந்தனம் மணத்தது.

"சரிப்பா" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

அவரு நிறுத்தல மணி. நான்தான்.