மிட்டாய் வீடும் சர்க்கரைப் பாடும்

பழவேற்காடு
2-8-1983

அன்பு மகன் சகாதேவனுக்கு அம்மா எழுதறது. எல்லையம்மன் புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், சிங்கப்பூர்ல நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு சுகமா இருக்கணும். நைனாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஏரியில தண்ணி வத்திப்போச்சு, இறால் சுமார்தான்.

நீ அனுப்பின மிட்டாய் விளையாட்டு வந்து சேந்துது. பெட்டி மேல மிட்டாய் படம் இருக்கவே உன் நைனா ஆசையாப் பிரிச்சு ஏமாந்தார், உள்ள அட்டையும் கலர் கட்டையும்தான். இங்கிலீஷ்ல இருக்கற சட்டத்தை உன் பொண்ணு சுகந்தி வாத்தியார்கிட்ட கேட்டு ஒரே நாள்ல படிச்சிட்டா, இந்தக் குப்பத்துல வேற எந்தப் பிள்ளைக்கும் அது வராது. அட்டையில சக்கரை மலை, பால் ஆறு, சாக்லேட் காடு எல்லாம் இருக்கு. சரக்கு சேத்து மிட்டாய் வீடு கட்டணும், முதல்ல மூணு வீடு கட்டினவங்க ஜெயிச்ச மாதிரி. சக்கரை மலையைப் புடிச்சவன் கடைசி வரைக்கும் அதை விட வேணாமாம். உன் நைனா ஒத்துக்கல. ஒருத்தனே நல்ல எடத்துல உக்காந்துக்கினா மத்தவன் இன்னா பண்ணுவான்னு சொல்லி, ஏரியில பாடு போடற மாதிரியே சீட்டு எடுத்து, இன்னிக்கு ஒருத்தர் வலை போட்ட எடம் நாளைக்கு அடுத்தவருக்குன்னு முறை வெச்சிட்டார். அதனால இதுவரைக்கும் யாரும் ஜெயிக்கல.

உன் பொண்டாட்டி விஷயத்துக்கு வரேன். அவ அண்ணன் எதிர்ல நான் சாமுண்டீஸ்வரியைச் சோம்பேறின்னு சொன்னதிலேர்ந்து பேச்சில்ல, ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு எரியுது. ஆடி பொறந்ததும் சுகந்தியோட அனுப்பம்பட்டுக்குப் போயி அம்மா வீட்டோட இருந்துடறேன்னு உனக்கு எழுதியிருக்கா, இன்னா விஷயம்னு நீயும் என்னைக் கேட்டிருந்தே. போன செவ்வாக்கெழமை விளையாட்டுச் சீட்டுல சக்கரை எனக்கு, பால் அவளுக்கு. சக்கரை இல்லாம அவ சுவர் வெக்க முடியாது, பால் இல்லாம நான் கூரை போட முடியாது. உங்க ஆயாவைக் கேளுன்னு சுகந்திகிட்ட சொன்னா. நைனா விடல, பாடு யாரோடதோ அவங்க மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும்னுட்டார். நான் எழுந்து போயி வெத்தலை துப்பிட்டு வந்தேன். கடைசியில, அத்தே சக்கரை இருக்கான்னா. இருக்கு, ரெண்டு பால் குடுன்னேன். ஒரு சக்கரைக்கு ரெண்டு பாலா, இறால் ஏலம் எடுக்கறவனே தேவலைன்னா. என் பாடு என் வெலைன்னேன். ஒன்னரை தரேன்னு கட்டையை உடைக்கவே போயிட்டா. சோம்பேறியா இருந்தா இவ்ளோ பேரம் பேச மாட்டா. அதை அவகிட்டயும் சொன்னேன்.

ஆடி பொறந்தாச்சு, அவ எங்கயும் போகல. நேத்து அவ அடுப்பைப் பத்த வெக்கல. என் அடுப்பாண்ட வந்து உக்காந்து மடவை மீன் கொழம்பு வெச்சு எனக்கும் ஊத்தினா. புளி அதிகம். இன்னும் கொஞ்சம் ஊத்துன்னேன்.

நீ நல்லா இரு, நெறைய நாள் இரு, மழையில நனையாதே. அவளுக்கு எழுதும்போது புளியைப் பத்தி எழுதிடாதே.

உன்னைப் பெத்த அம்மா,
எ. பூங்காவனம்