அப்பா மாறி ஏறிய பேருந்து

சோங்சிங்
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி ஷூலினுக்கு,

அப்பா பத்திரமாக இருக்கிறார். பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்க்கிறார். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய். சாம்பியாவில் உங்கள் சாலை வேலை மழைக்கு முன்பே முடியும் என்று நம்புகிறேன்.

ஊர் சுற்றிக் காட்டும் பேருந்தில் போக வேண்டும் என்று அப்பா இங்கு வந்ததிலிருந்தே பிடிவாதம். வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் கூட்டமாக நடப்பது எனக்குப் பிடிக்காது; ஆனாலும் நேற்று அழைத்துப் போனேன். எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். வழிகாட்டிப் பெண் பெங், "தாத்தா, என் மூஞ்சியப் பாக்காதீங்க, கொடியப் பாத்து வாங்க" என்றாள். "கொடி கிழிஞ்சு கெடக்கு, மூஞ்சியே தேவலாம்" என்றார் அப்பா. பேருந்தே சிரித்தது. இவருக்கா மறதி, நான்தான் வீணாகக் கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றோரம் மலைச்சரிவை ஒட்டி எழுப்பிய பெரிய கட்டடத்தில்தான் அது நடந்தது. மேல் தெருவிலிருந்து நுழைந்தோம்; அங்கே அது பதினோராம் மாடி. கழிப்பறை வரிசையில் நின்றபடி, "ரோட்டு வாசல்ல போய் நில்லுங்கப்பா, இதோ வந்துடறேன்" என்றேன். வந்த வழியைத்தான் சொன்னேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டால், ரோடு எந்த மாடியிலும் இருக்கும் என்பது பழகிவிடுகிறது. அப்பாவுக்கு ரோடு என்றால் கீழேதான். லிஃப்டில் தரைத்தளத்துக்கு இறங்கிவிட்டார்.

மேல் வாசலில் அவர் இல்லை. கீழே ஓடினேன். படிக்கட்டெல்லாம் ஜனம், எங்கு பார்த்தாலும் மஞ்சள் தொப்பி. எல்லாக் கூட்டத்துக்கும் அதே தொப்பி. அவருடைய போன் என் பையில் இருந்தது. ஒவ்வொரு கிழவரின் முகத்தையும் குனிந்து பார்த்தேன். ஆற்றின் பக்கம் திரும்ப மட்டும் தைரியம் வரவில்லை.

பெங் மற்ற வழிகாட்டிகளுக்கெல்லாம் தகவல் அனுப்பினாள். வேறொரு பேருந்தில் ஒரு தாத்தா கூடுதலாக இருப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பேருந்து போய் நின்ற ரோப் கார் நிலையத்துக்கு ஓடினேன். அப்பா அங்கே, யாரோ வாங்கித் தந்த மிளகாய் நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"யாரும்மா நீங்க? எம் பொண்ணு வாசல்ல நிக்கச் சொல்லியிருக்கா. அவ வராம நான் எங்கயும் வரமாட்டேன்."

"நான்தாம்ப்பா ஷூவென்" என்றேன்.

"அவ காலேஜ்ல படிக்கிறா. உங்களுக்குத் தலையே நரைச்சிருக்கே" என்றார், மரியாதையாகத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து நானும் என் வருகைக்காகக் காத்திருந்தேன். நூடுல்ஸ் ஆறிப்போனது. திடீரென்று திரும்பி, "ஷூவென், ஏன் அழுவுற? பசிக்குதா?" என்றார்.

வீடியோவில் உன்னோடு பேசும்போது நன்றாகவே பேசுவார். அதனால்தான் எழுதுகிறேன். இன்று காலை அவர் பார்க்கவே வாசற்கதவை உள்ளே பூட்டிச் சாவியை எடுத்து வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நான் எதையும் பெரிதுபடுத்துகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருக்காதே, தம்பி. உடம்பைப் பார்த்துக்கொண்டு சீக்கிரம் வந்து சேர். வந்ததும் நேரே அவர் எதிரில் போய் நில். உன் பெயரை நீயாகச் சொல்லாதே. அவரே சொல்லட்டும்.

உன் அக்கா,
ஷூவென்