நாற்பத்தோராவது போன்

சென்னை
03.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று அத்தை சொன்னார்கள். "அவனுக்கென்ன கண்ணு, மூணு வேளையும் ஓட்டல்ல தின்னுபோட்டு உருண்டையாட்டம் இருக்கறான்" என்றார்கள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். எழுதி, ஒட்டி, தபால் பெட்டி வரை நடப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். ஆனால் சாமளாபுரம் கல்யாணப் பந்தியில் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், கட்டிய மனைவியைப் பற்றி, "எம்பட ஊட்டுக்காரி ஆறு வருசமாப் படிக்கறாளுங்க. என்ன படிக்கறான்னு கேட்டா அவளுக்கே தெரியாதுங்க" என்று சொல்லிச் சிரித்தீர்களே, அது மட்டும் இன்னும் ஆறவில்லை. அதற்காகத்தான் லீவு முடியும் முன்பே ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியும் மாமா. டவரும் இன்டர்நெட்டும் இல்லாமல் ஒரு போன் பக்கத்துப் போனுக்குச் சேதி சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, கடைசிப் போன் வரை அது போய்ச் சேருமா என்பதுதான் நான் படிப்பது. மனிதர்கள் ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள். எழுந்து போவார்கள், டீ குடிப்பார்கள். அப்போது சேதி வழியில் தொலையும். எங்கே, ஏன் தொலைகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் நம் பனியன் கம்பெனியில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட நாற்பது பேருடைய போனில் என் ஆப்பை ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். கேட்டில் வாட்ச்மேன் அறை ஆணியில் தொங்கும் பழைய போனும் என்னுடையதுதான், கழற்ற வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பதிவானதையெல்லாம் பென்டிரைவில் ஏற்றி அனுப்புங்கள். மற்றபடி நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்தால் போதும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் போகாவிட்டால் என் பிஎச்.டி. பதிவு ரத்தாகிவிடும். இதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது.

இப்படிக்கு,
பந்தியை மறக்காத
ஜெயபாரதி


திருப்பூர்
12.02.2025

அன்புக் கண்ணு பாரதிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் மேஜையில் கிடந்தது. ஷிப்மென்ட் அவசரத்தில் பிரிக்க நேரமில்லை. தபாலுக்காகக் காத்திருக்க நான் என்ன வேலை இல்லாதவனா?

பந்தியில் சொன்னது தமாஷுக்கு. சிவபிரகாஷ்கூடச் சிரித்தான். அவன் நம் கட்டிங் மாஸ்டர் என்பதால் நான் என்ன சொன்னாலும் சிரிப்பான், அது வேறு விஷயம்.

உன் நாற்பது போனும் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. ஒன்றுகூட சார்ஜ் இல்லாமல் அணைய விடவில்லை. அதற்காகவே ஏழு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினேன். பென்டிரைவ் இத்துடன் இருக்கிறது. அம்மா கொடுத்த ஊத்துக்குளி நெய்யும் இருக்கிறது. மூடி சரியில்லை, பென்டிரைவைத் துடைத்துவிட்டுச் சொருகவும்.

உன்
இளங்குமரன்


சென்னை
24.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த ஒரு கடிதத்தில் மட்டும் பந்தியைப் பற்றிப் பேச மாட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டு வரை ஒரு சேதிகூடத் தொலையவில்லை! கண் மூடித் திறப்பதற்குள் நாற்பது போனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் கைடு சுப்புலட்சுமி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்கள். "இருபது வருஷத்துல இப்படி ஒரு நெட்வொர்க்கை நான் பார்த்ததில்லம்மா" என்றார்கள். பாதிப் பேப்பர் எழுதிவிட்டேன். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் அபாரமான ஒழுங்கைப் பற்றியே ஒரு பத்தி இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு நாற்பது போனும் ஒரே நொடியில் அரையடி குதித்திருக்கின்றன. திருப்பூரில் அன்றைக்கு நிலநடுக்கமா?

இனி கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்கள். ஒரு போன் பதில் தராவிட்டால் அது செத்துவிட்டதா, பதில் மெதுவாக வருகிறதா என்று இந்தப் பக்கத்துப் போனுக்குத் தெரியாது. என் துறையில் பெரிய தலைவலியே இதுதான். வீட்டிலும் இதே தலைவலி எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
ஜெயபாரதி


திருப்பூர்
28.02.2025

அன்புக் கண்ணுவுக்கு,

நிலநடுக்கம் இல்லை. பூனை.

வாட்ச்மேன் மருதாசலம் அண்ணன் ஆபீசுக்குள் புகுந்த பூனையைத் துரத்தினார். அப்போது அவர் கால் அட்டைப்பெட்டியில் இடித்துவிட்டது. எந்த அட்டைப்பெட்டி என்று கேட்பாய். உட்கார்ந்துகொண்டு படி.

நீ கிளம்பிய மறுநாள் நம் சரக்கை வாங்கும் பையர் ஆட்கள் வந்தார்கள். தையல் ஹாலுக்குள் இனிப் போன் கூடாது, மீறினால் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் எல்லாரும் உள்ளே வரும்போதே போனை வாங்கி, டி-ஷர்ட் பேக் செய்யும் பெட்டியில் அடுக்கி, என் மேஜைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். உன் வேலை கெடக்கூடாதே என்றுதான் பெட்டியில் ஓட்டை போட்டு, நாற்பது போனுக்கும் சார்ஜர் கொடுத்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன் கண்ணு. ஒன்றின் மேல் ஒன்று உரசாமல் இருக்க நடுவில் பனியன் துணிகூட வைத்தேன்.

ஏதாவது தப்பா?

இளங்குமரன்


சென்னை
05.03.2025

மாமாவுக்கு,

ஒரு பெட்டிக்குள் இருக்கும் நாற்பது போன் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று கண்டுபிடிக்க ஆறு வருடம் படிக்கத் தேவையில்லை.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதிய பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எதுவும் செய்யாமல் இருங்கள் என்று எழுதினேன், அது ஒன்றைத்தான் உங்களால் செய்ய முடியவில்லை. நீங்கள் பந்தியில் சொன்னது இப்போது உண்மையாகப் போகிறது. பதில் எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை.

ஜெயபாரதி


திருப்பூர்
20.03.2025

அன்புள்ள பாரதிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சிவபிரகாஷையும் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் நதியாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். போன் ஆள்மேலேயே இருக்க வேண்டும், ஆனால் யாரும் எடுக்கக் கூடாது, என்ன வழி என்று கேட்டேன். நதியாதான் சொன்னாள்: "ஏனுங்க, நம்மளுக்குத் தெரிஞ்சதே தைக்கறதுதானுங்களே. ஜேப்புக்குள்ள வெச்சுத் தெச்சுப் போடலாமுங்க."

கட்டிங் வேஸ்ட் துணியில் நாற்பது ஏப்ரன், ஒவ்வொன்றிலும் ஒரு பை. காலையில் போனை உள்ளே போட்டு வாயைத் தைத்துவிடுகிறோம். மத்தியானம் பிரித்து, சாப்பிட்ட பிறகு மறுபடி தைத்து, ராத்திரி பிரிக்கிறோம். பையர் ஆள் வந்து நாற்பது வயிற்றையும் தட்டிப் பார்த்தார். "எடுக்க முடியாதென்றால் சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே டெய்லர் பாண்டியம்மாள் அக்கா வயிற்றில் போன் அடித்தது. மதுரையிலிருந்து மகள். சத்தத்தைக் குறைக்க அக்கா மறந்திருக்கிறார். முருகன் பாட்டு முழுதாக நான்கு முறை ஓடியது. "மொதலாளி, பிரிச்சு விடுங்க, இல்லன்னா எல்லாரும் சேந்து கும்பிட்டுக்கிருங்க" என்றார். சிரித்த சிரிப்பில் இரண்டு லைன் மெஷின்களும் நின்றுபோயின.

கணக்குக்கு உதவும் என்று நாற்பத்தோராவதாக என் போனிலும் ஆப்பை ஏற்றிக்கொண்டேன். என் சட்டைப்பையைத் தைக்கவில்லை, நான் முதலாளி. பத்தாம் தேதியிலிருந்து நேற்றுவரை பதிவானது இத்துடன் இருக்கும் பென்டிரைவில். இந்த முறை நெய் இல்லை.

பதில் வராவிட்டால் செத்துவிட்டதா, மெதுவாக வருகிறதா என்று தெரியாது என்று எழுதினாயே. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உன் கடிதத்தை எதிர்பார்க்கவெல்லாம் நேரமில்லை. சும்மா எழுதினேன்.

இளங்குமரன்


சென்னை
03.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்தில் ஒரு சேதி தொலைந்துபோயிருக்கிறது! நாற்பது பேரும் நடக்கிறார்கள், நிற்கிறார்கள், ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு வரிசைக்கே சேதி போகவில்லை. எத்தனை அழகான குளறுபடி தெரியுமா? மேடம் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை, என் முதுகில்தான் தட்டினார்கள். முப்பத்தோராம் தேதி பேப்பர் போய்விட்டது. தைத்த பையைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. நதியாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். என் பதிவு தப்பியது.

எந்த எண் யாருடைய போன் என்று நான் பார்க்கக் கூடாது. ஒப்புதல் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் 41 யார் என்று நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். நான் என்ன செய்ய?

எண் 41 தினமும் பதினொன்றரைக்கு ஹாலை விட்டுப் போகிறது. கேட்டில், ஆணியில் தொங்கும் என் பழைய போனுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறது. தபால்காரர் வரும் நேரம் அது. குறைந்தது பதினேழு நிமிடம். ஒருநாள் நாற்பது நிமிடம். ஞாயிறு தவிர ஒன்பது நாள், ஒருநாள்கூடத் தவறவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு அழுதேன் மாமா. பிறகு சிரித்தேன். பிறகு டிக்கெட் எடுத்தேன். வரும் புதன்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம், பழனிக்குச் சேர்ந்தே போவோம். எண் 41 அன்றைக்குக் கேட்டில் நிற்காமல் ஸ்டேஷனுக்கு வரட்டும்.

உங்கள்
பாரதி


திருப்பூர்
07.04.2025

என் கண்ணு பாரதிக்கு,

இதைத் தபாலில் போட்டால் நீ ரயிலேறிய பிறகுதான் அங்கே சேரும். அதனால் நீ வந்ததும் கையில் கொடுக்கிறேன்.

மருதாசலம் அண்ணனோடு பேசிக்கொண்டு நின்றேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த நேரம் அவர் ஊட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார் என்பது உனக்கும் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதம் இன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. பதினொன்றே முக்காலுக்கே பிரித்துவிட்டேன். நான்கு நாள் மேஜையில் கிடந்தது என்று எழுதினேனே, அந்த முதல் கடிதத்தையும் அப்படித்தான் பிரித்தேன்.

பந்தியில் பேசியது தப்பு கண்ணு. உத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் நீ வாயைத் திறக்க வேண்டாம், நானே சொல்கிறேன். இந்தப் பக்கம் அனுப்பியது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் ஒருத்தன் கேட்டிலேயே நிற்கிறானே, அதைத்தான் எம்பட ஊட்டுக்காரி ஆறு வருசமாகப் படிக்கிறாள்.

உன்
41