கையெழுத்துப் போடாதவர்

லிவர்மோர், கலிபோர்னியா
13 ஜூன் 1999

அன்புத் தம்பி வெள்ளியங்கிரிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சூப்பராக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. மூக்கு நுனி தோல் உரிந்திருக்கிறதா, இரண்டு காலுறை போடுகிறாயா, இதற்கு மட்டும் பதில் எழுது.

கம்பளிக் காலுறை ஆறு ஜோடி அனுப்பியிருக்கிறேன். அவன் லெஃப்டினன்ட் ஆயிற்றே, சர்க்கார் கொடுக்காதா என்று கடையிலேயே மச்சான் கேலி செய்தார். கொடுத்திருப்பார்கள், இவன் யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பான் என்றேன். ஒரு ஜோடியாவது உன் காலில் இருக்கட்டும்.

போன ஞாயிறு கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தோம். குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது என் குரல் வழக்கம்போல எனக்கே கேட்கவில்லை. மச்சான்தான் சதயம் என்று சொன்னார். பட்டம் வாங்கியவளுக்குத் தம்பி நட்சத்திரத்தைச் சொல்லவும் ஆள் வேண்டியிருக்கிறது என்று வரும் வழியெல்லாம் ஒரே கிண்டல்.

அப்பாவுடன் போனில் பேசினேன். மில் கேட்டில் முப்பது வருஷம் எல்லோருக்கும் சல்யூட் அடித்தவர், உன் யூனிஃபார்ம் படத்தை மேனேஜரிடம் காட்டினாராம். அவர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் மேலே போகிறோம் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. எதிரி யாராவது பிடிபட்டால் அவனைச் சுமந்துகொண்டு இறங்க நம்மிடம் ஆள் கிடையாது, என்ன செய்வது என்று உனக்கே தெரியும் என்று ஒரு கேப்டன் சிரித்தாராம். நீ எஸ் சார் என்றாயாம். பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தாய். அவர் வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் நாலு முறை படித்தேன், தம்பி.

இங்கே சனிக்கிழமைகளில் நூலகத்தில் சும்மா போய்ப் புத்தகம் அடுக்குகிறேன். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. யாரோடும் பேச வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே தினமும் வரும் பெரியவர் ஃபிராங்க் மரீனோ. பேப்பரில் சண்டை நடக்கும் உங்கள் மலைப் படத்தை வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி என்றேன். காருக்குப் போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார்.

அவருடைய அண்ணன் டோமினிக், 1944இல் இத்தாலியில் ஜெர்மானியர் கையில் இருந்த கரைக்குப் படகில் போய், ரயில் பாலத்தைத் தகர்க்க இறங்கிய அமெரிக்கக் கமாண்டோக்களில் ஒருவர். எல்லோரும் யூனிஃபார்மில் இருந்தார்கள். பிடிபட்டதும் துப்பாக்கியைக் கீழே போட்டார்கள். மூன்றாம் நாள், விசாரணைகூட இல்லாமல், நிற்க வைத்துச் சுட்டுவிட்டார்கள். கமாண்டோக்களை உயிரோடு வைக்கக் கூடாது என்று உத்தரவாம். போர் முடிந்து, சுடச் சொன்ன ஜெர்மன் ஜெனரலை விசாரித்தபோது, மேலே சொன்னார்கள், நான் கீழே சொன்னேன் என்றாராம். கோர்ட் அதை ஏற்கவில்லை. அவரையும் சுட்டார்கள்.

அதில் உங்கள் அம்மாவுக்கு மனசு ஆறியதா என்று கேட்டேன். நானா கேட்டேன் என்று நீ நம்பமாட்டாய். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஃபைலில் வேறொரு பக்கத்தைத் திருப்பினார். அவர்களைச் சுடும் உத்தரவு கையெழுத்துக்கு வந்தபோது அங்கிருந்த ஒரு ஜெர்மன் அதிகாரி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வேறொருவர் போட்டிருக்கிறார். மாட்டேன் என்றவரை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான் என்றார். வருஷாவருஷம் அந்த ஆளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு போட ஆசை, விலாசம்தான் கிடைக்கவில்லை என்று சிரித்தார்.

வீட்டுக்கு வரும்போது உன் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. நீ உடைக்காத ஜன்னலுக்கு ஹெட்மாஸ்டர் உன்னைக் கூப்பிட்டார். நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு வரி கெட்டால் படிப்பே போய்விடும் என்று பயந்தேன். நம் வீட்டில் சான்றிதழ் என்றால் என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதானே. உன் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்து, சார் சொன்னால் சரிதான் என்று சொல்லு என்றேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அது நான் செய்த தப்பு, கண்ணு. சொல்லிக்கொடுத்தவளே இப்போது வேண்டாம் என்கிறேன்.

சண்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னைச் சுட வருகிறவனைப் பற்றி நான் பேசவில்லை. கையைத் தூக்கிவிட்ட ஒருவன் உன் முன்னால் நின்றால், யார் எதைச் சொன்னாலும், முடியாது என்று சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும். அப்பாவிடமும் அம்மாவிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

கடிதங்களை வழியில் பிரித்துப் படிப்பார்கள், பார்த்து எழுது என்று சொல்லியிருந்தாய். படிக்கட்டும். என் பெயரை முழுசாகவே எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ திரும்பி வர வேண்டும் என்றுதான் எல்லோரும் கும்பிடுகிறார்கள். போன அதே தம்பியாகவே திரும்பி வர வேண்டும் என்று நான் கும்பிடுகிறேன்.

உன் அக்கா,
வசந்தாமணி குமாரசாமி